ஜப்பானிய வாக்யு இறைச்சி இறக்குமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஜப்பானிய மாட்டிறைச்சியை வரவழைத்து விற்கும் தொழிலில் ஆவணங்கள் என் பொறுப்பு. உணவகம் நடத்துபவர்கள், ஈரச்சந்தையில் கடை போட்டிருப்பவர்கள், விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள் எனப் பலரும் தொலைபேசியில் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிப் பேரின் முதல் கேள்வி, “ஏ5 சர்லாயின் கிலோ என்ன விலை?” என்பதுதான். சர்லாயின் என்பது மாட்டின் முதுகுப் பகுதித் துண்டு; ஏ5 என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். அந்த ஒரு வரியில் பணத்தை வீணாக்கும் வழிகள் இரண்டு மூன்று ஒளிந்திருப்பதால் அதற்குச் சற்றுத் தாமதமாகத்தான் பதில் சொல்வேன். விதிமுறை பற்றிப் பேசும்போது வேறு நாட்டின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் சிங்கப்பூர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் வளரும் மாடெல்லாம் வாக்யுதானா?

இல்லை. ஜப்பானில் ஹோல்ஸ்டீன் என்ற பால்மாட்டு இனமும் இறைச்சியாகிறது. ஹோல்ஸ்டீன் பசுவுக்கும் வாக்யு காளைக்கும் பிறந்த கலப்பும் இறைச்சியாகிறது. இரண்டும் ஜப்பானிய மாட்டிறைச்சி, ஆனால் வாக்யு அல்ல. கருப்பு, பழுப்பு, குட்டைக்கொம்பு, கொம்பில்லாதது ஆகிய நான்கு இனங்களும் அவற்றுக்குள்ளேயே பிறந்த கலப்பும் மட்டும்தான் அந்தப் பெயருக்கு உரியவை. நம் கைக்கு வருவது ஏறக்குறைய எல்லாமே கருப்பு இனம். 2007இல் ஜப்பானிய வேளாண் அமைச்சகம் வகுத்த நெறிமுறைப்படி, அங்கே வாக்யு என்று விற்க வேண்டுமானால் அந்த மாடு ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிலேயே வளர்ந்திருக்கவும் வேண்டும்.

விலைப்பட்டியலில் “ஜப்பானிய மாட்டிறைச்சி” என்று மட்டும் எழுதி, விலையும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அது கலப்பினம். கெட்ட இறைச்சி அல்ல. சில சமையலுக்கு அதுவே பொருத்தம். அதற்கு வாக்யு விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஏ5 என்றால் என்ன? அதுதானே உச்சத் தரம்?

எழுத்துக்கு ஒரு பொருள், எண்ணுக்கு வேறு பொருள். வெட்டிய மாட்டின் ஆறாவது, ஏழாவது விலா எலும்புகளுக்கு இடையே குறுக்காக அறுத்து, அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜப்பான் இறைச்சித் தர நிர்ணயச் சங்கத்தின் தர மதிப்பீட்டாளர் இரண்டையும் இடுகிறார்.

ஏ, பி, சி என்ற எழுத்து, தொங்கும் முழு உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதைக் குறிக்கிறது. கணக்கிட்ட விகிதம் 72 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ஏ. 69 முதல் 72 வரை பி. அதற்குக் கீழே சி. இது முழு உடலை ஏலத்தில் எடுக்கும் வியாபாரியின் கவலை. வெட்டிச் சுத்தம் செய்து, காற்று நீக்கிப் பொதிந்த துண்டை வாங்கும் உங்களுக்கு ஏ5க்கும் பி5க்கும் தட்டில் வேறுபாடு கிடையாது. இருந்தாலும் “ஏ” இல்லாவிட்டால் வேண்டாம் என்று பி5ஐத் திருப்பி அனுப்பும் உணவகத்தார் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றதை விவரம் தெரிந்த இன்னொருவர் குறைந்த விலைக்கு எடுத்துப் போகிறார்.

எண்தான் தரம். கொழுப்பு வரி (இறைச்சிக்குள் கோடு கோடாகப் படர்ந்திருக்கும் கொழுப்பு), இறைச்சியின் நிறமும் பளபளப்பும், இறுக்கமும் இழையும், கொழுப்பின் நிறமும் தன்மையும் என்று நான்கைத் தனித்தனியே பார்த்து, நான்கில் எது மிகக் குறைவோ அதையே முழுத் தரமாக அறிவிப்பார்கள். மூன்றில் 5 வாங்கி, இறைச்சியின் நிறத்தில் மட்டும் 4 வாங்கினால் அந்த மாடு 4தான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கொழுப்பு வரிக்கு பிஎம்எஸ் என்று 1 முதல் 12 வரை தனி அளவுகோல் இருக்கிறது; எண் கூடக் கூடக் கொழுப்பு வரியும் கூடும். 8 முதல் 12 வரை எல்லாம் 5ஆம் தரத்தில் அடங்கும். 5 முதல் 7 வரை 4ஆம் தரம். ஆகவே ஏ5 என்று சொன்னவர் 8ஐயும் கொடுக்கலாம், 12ஐயும் கொடுக்கலாம். இரண்டும் பார்வைக்கே வேறு பொருள், விலையிலும் நல்ல இடைவெளி. ஒருவர் ஏ5 சர்லாயினை இன்னொருவரைவிட மலிவாகத் தருகிறேன் என்றால், பிஎம்எஸ் எத்தனை என்று கேளுங்கள். தொலைபேசியின் மறுமுனையில் சில சமயம் பேச்சே நின்றுவிடும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 200 கிராம் ஸ்டேக் தின்று பழகிய வாடிக்கையாளருக்கு 6 அல்லது 7 போதும்; அதுதான் சரியும்கூட. 11, 12 எல்லாம் இரண்டு மூன்று வாய்க்குத்தான் சுகம்.

கோபே, மத்சுசாகா, ஓமி, மியாசாகி என்று பெயர்கள் குவிகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

எல்லாமே ஊர் அல்லது வட்டாரப் பெயரில் விற்கும் வாக்யு. கோபேயின் நிபந்தனைகள் கடுமையானவை. ஹியோகோ மாநிலத்தில் பிறந்து வளர்ந்த, தஜிமா என்ற கருப்பு இன வம்சாவளி மாடு; அங்குள்ள கூடத்திலேயே வெட்டியிருக்க வேண்டும்; கன்று ஈனாத பெண் அல்லது காயடித்த ஆண்; எடைக்கு உச்ச வரம்பு; பிஎம்எஸ் 6க்குக் குறையக்கூடாது; எழுத்து ஏ அல்லது பி. இவற்றைத் தாண்டிய பிறகுதான் உடலில் நோஜிகிகு என்ற சாமந்திப்பூ முத்திரை விழும். வரம்பு பிஎம்எஸ் 6 என்பதால் ஏ4 கோபே என்று ஒன்று இருக்கிறது, அது போலி அல்ல. 1983இல் அமைந்த சங்கம் இந்த விதிகளைக் காத்துவருகிறது. 2015 டிசம்பரில் ஜப்பான் முதன்முதலாகப் புவிசார் குறியீடு கொடுத்த பொருட்களில் கோபேயும் தஜிமாவும் இருந்தன. கோபே வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியதே 2012இல் தான், முதலில் சீனாவின் மக்காவ் பகுதிக்கு. அதற்கு முன்பு உலகம் முழுக்க உணவுப் பட்டியல்களில் “கோபே” இருந்தது எப்படி என்று கேட்காதீர்கள்.

மத்சுசாகா கன்று ஈனாத பசுக்களின் இறைச்சி. உள்நாட்டுக்காரர்களே போட்டி போட்டு வாங்கிவிடுவதால் வெளியே வருவது அரிது. யாராவது வாரந்தோறும் தருகிறேன் என்றால் ஆவணங்களை இரண்டு முறை பாருங்கள். ஓமி, சிங்கப்பூர் உணவகங்களுக்கு நன்கு பழக்கமானது. மியாசாகிக்கு எண்ணிக்கை பலம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேசிய வாக்யு போட்டியில் 2007 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு முறை பிரதமர் விருதைப் பெற்ற மாநிலம் அது. காகோஷிமாவும் அப்படித்தான், தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும்.

ஒரு விவரம் பலருக்குத் தெரியாது. ஜப்பானில் எங்கே அதிக காலம் வளர்ந்ததோ அதுவே மாட்டின் ஊர். மியாசாகியில் பிறந்த கன்றை எட்டு, ஒன்பது மாதத்தில் சந்தையில் வாங்கி, இருபது மாதம்போல வேறு மாநிலத்தில் கொழுக்கவைத்தால் அந்த மாநிலத்தின் பெயரில் விற்கலாம். பிறப்பையும் சேர்த்துக் கேட்கும் கோபே போன்றவை விதிவிலக்கு. இன்னும் ஆழமாகப் போனால், நாடு முழுவதும் உள்ள கருப்பு இனத் தாய்ப்பசுக்களில் 99.9 சதவீதம், 1939இல் ஹியோகோவில் பிறந்த தஜிரி என்ற ஒரே காளையின் வழிவந்தவை என்று 2012இல் வாக்யு பதிவுச் சங்கம் கண்டறிந்தது. ஆகவே ஊர்ப் பெயருக்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது என்பது உங்கள் வாடிக்கையாளர் அந்தப் பெயரைக் கேட்டு வருகிறாரா என்பதைப் பொறுத்தது. கேட்காத இடத்தில், பெயர் இல்லாத நல்ல பிஎம்எஸ் 9 மாடே புத்திசாலித்தனம்.

ஆஸ்திரேலிய வாக்யு பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜப்பானிலிருந்து வெளியேறிய மாடுகளின் வழிவந்தவை அவை. பெரும்பாலும் ஆங்கஸ் போன்ற இனங்களோடு கலந்தவை, கலக்காத முழு ரத்தமும் உண்டு. அவர்களுடைய கொழுப்பு வரி அளவுகோல் 9இல் முடிகிறது. அதை ஜப்பானின் 12க்கு நேராக வைத்து ஒப்பிடுவது தவறு. பர்கருக்கும் தடித்த ஸ்டேக்குக்கும் நான் ஆஸ்திரேலியாவையே பரிந்துரைப்பேன். பட்டியலில் “ஜப்பானிய வாக்யு” என்று எழுதிவிட்டு அதைப் பரிமாறுவதுதான் குற்றம்.

மாட்டுக்கு பீர் கொடுத்து, மசாஜ் செய்து வளர்க்கிறார்களாமே?

சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் கதை. வழக்கமான தீவனம் வைக்கோல், பார்லி, தவிடு, சோளம். அதில் பெரும் பகுதி தானியம் வெளிநாட்டிலிருந்து வருவது. கொழுப்பு வரிக்கு உண்மையான காரணம் பரம்பரையும், ஏறத்தாழ முப்பது மாத வயது வரை காத்திருக்கும் பொறுமையும், இடையில் சில மாதங்கள் வைட்டமின் ஏ சத்தைக் குறைத்துக் கொடுக்கும் நுணுக்கமும்தான். அந்தக் குறைப்பை மிஞ்சிச் செய்தால் மாட்டுக்குப் பார்வையே போய்விடும். பீர் கதையைப் பட்டியலில் அச்சடிக்க வேண்டாம்.

எல்லா நாடும் வாங்கலாமா? ஏன் சில நாடுகளில் திடீரென்று கிடைப்பதில்லை?

ஒவ்வொரு நாடும் ஜப்பானோடு தனித்தனியே பேசி ஒப்பந்தம் செய்திருக்கிறது. 2001 செப்டம்பரில் ஜப்பானில் முதல் பைத்தியமாட்டு நோய் தெரியவந்தபோது உலகம் கதவை மூடியது. மெல்லத் திறந்தபோது 2010இல் மியாசாகியில் கோமாரி வந்து, மாடும் பன்றியுமாக ஏறத்தாழ மூன்று லட்சம் கால்நடைகளைக் கொன்று புதைத்தார்கள், மறுபடி மூடல். அமெரிக்கா 2012இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2014இலும், தைவான் 2017இலும், ஆஸ்திரேலியா 2018இலும் திறந்தன. சிங்கப்பூரும் ஹாங்காங்கும் அவற்றுக்கு முன்பே திறந்தவை. 2024இல் ஜப்பானின் மாட்டிறைச்சி ஏற்றுமதி சுமார் 6,480 கோடி யென்னைத் தொட்டது. தைவான், அமெரிக்கா, ஹாங்காங் மூன்றும் பெரிய வாங்குபவர்கள்.

அதே 2024 நவம்பரில் ஜப்பானில் முதன்முறையாகத் தோல்கழலை நோய் தென்பட்டது. இப்படி ஏதாவது செய்தி வந்தால் முதலில் நிற்பது ஏற்றுமதிச் சான்றிதழ். எனவே முன்பணம் கட்டும் முன், “இன்றைய தேதியில் என் நாட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்களா?” என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு தடையும் உண்டு. வெட்டும் கூடத்துக்கும் நாடுவாரியாகத்தான் அனுமதி. அமெரிக்காவுக்கு அனுப்பத் தகுதி பெற்ற கூடம் மலேசியாவுக்குத் தகுதி பெற்றிருக்காது. உங்களுக்குப் பிடித்த ஊர் மாடு உங்கள் நாட்டின் பட்டியலில் உள்ள கூடத்தில் வெட்டப்படவில்லை என்றால், எவ்வளவு காசு கொடுத்தாலும் அது வராது.

வரியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் அமலுக்கு வந்த அன்றே ஜப்பானிய மாட்டிறைச்சிக்கான சுங்க வரியை நீக்கிவிட்டது. அமெரிக்காவில் ஜப்பானும் மற்ற சில நாடுகளும் குறைந்த வரிக்கான ஒரே ஒதுக்கீட்டைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அது தீர்ந்துவிட்டால் வரி 26.4 சதவீதம். பிரேசில் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெரும் பகுதியை அள்ளிக்கொள்வதால் அமெரிக்க வாங்குபவர்கள் ஜனவரியில் படும் அவசரம் நமக்கு இல்லை. சிங்கப்பூரில் சுங்க வரியே கிடையாது; 9 சதவீதப் பொருள் சேவை வரி மட்டும்.

சிங்கப்பூரில் நானே நேரடியாக இறக்குமதி செய்யலாமா?

செய்யலாம். நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும், சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இறைச்சி வணிக உரிமம் வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி எடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஜப்பானியக் கூடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே ஓர் உணவகம் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் வீண் அலைச்சல். உரிமம் உள்ள இறக்குமதியாளரின் சரக்கோடு சேர்த்து எடுப்பதே மலிவு. மூன்று நான்கு கிளைகள் வந்த பிறகு யோசியுங்கள்.

என்னென்ன ஆவணங்களைக் கேட்டு வாங்க வேண்டும்?

மாநில இறைச்சிப் பரிசோதனை நிலையத்தின் சுகாதாரச் சான்றும், ஜப்பானிய விலங்கு நோய்த்தடுப்புச் சேவையின் ஏற்றுமதிச் சான்றும் இல்லாமல் சரக்கு விமான நிலையத்தையே தாண்டாது. விலைச்சீட்டு, பெட்டிவாரிப் பட்டியல், சரக்குச் சீட்டு ஆகியவை வழக்கமானவை. இவற்றோடு மாட்டின் தனி அடையாள எண் பட்டியலையும், தரச் சான்றின் நகலையும், ஊர்ப் பெயருக்குக் காசு கொடுத்திருந்தால் அந்த ஊர்ச் சங்கத்தின் சான்றையும் கேளுங்கள். இவற்றைத் தானாக யாரும் அனுப்ப மாட்டார்கள், கேட்டால் கொடுப்பார்கள். கேட்டும் தராதவரிடம் வாங்காதீர்கள்.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைச் சான்றிதழோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்: பொருளின் பெயர், நாடு, கூடத்தின் எண், வெட்டிய தேதி, பொதிந்த தேதி, நிகர எடை. தேதியில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் பெட்டி குளிர்கிடங்கில் காத்துக்கிடக்கும். குளிரூட்டிய இறைச்சிக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் காசு.

அந்த அடையாள எண் எதற்கு? போலியை அதை வைத்துப் பிடிக்க முடியுமா?

ஜப்பானில் ஒவ்வொரு மாட்டின் காதிலும் பத்து இலக்க எண் தொங்கும். பைத்தியமாட்டு நோய் தந்த பயத்தில் 2003இல் சட்டம் இயற்றி, எல்லா மாட்டையும் பதிவுக்குள் கொண்டுவந்தார்கள். தேசிய கால்நடை இனவிருத்தி மையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இனம், தாயின் எண், எந்த மாநிலத்திலிருந்து எந்த மாநிலத்துக்கு எப்போது போனது, எங்கே எப்போது வெட்டினார்கள் என்பதெல்லாம் வந்து நிற்கும். காசு கிடையாது, ஆங்கிலத்திலும் பார்க்கலாம். கருப்பு இனத்துக்குக் கன்றாக இருக்கும்போதே மூக்கு ரேகை எடுத்துப் பதிவுச் சீட்டும் கொடுக்கிறார்கள்.

சரக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள். இனம் என்ற இடத்தில் கருப்பு இனம் என்று இருக்கிறதா? கடைசியாக நீண்ட காலம் இருந்த மாநிலம் நீங்கள் காசு கொடுத்த ஊரோடு பொருந்துகிறதா? வெட்டிய தேதி பெட்டியில் உள்ள தேதிதானா?

எண் உண்மையாகவே இருந்தும் ஏமாற்று நடக்கும். ஒரு மாட்டில் சர்லாயின் இரண்டுதான், வலம் ஒன்று, இடம் ஒன்று. சுத்தம் செய்யாத நிலையில் ஒன்று பத்துக் கிலோ என்று வைத்தாலும் மொத்தம் இருபது கிலோ. நாளொன்றுக்கு மூன்று கிலோ சர்லாயின் விற்கும் உணவகத்தில் அது ஒரு வாரம் தாங்காது. அப்படியிருக்க, அதே எண் போட்ட அதே சான்றிதழ் சுவரில் ஆறு மாதமாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது என்றால், அந்தச் சான்றுக்கும் தட்டில் உள்ள இறைச்சிக்கும் தொடர்பு இல்லை. நான் சாப்பிடப் போகும் இடங்களில் இதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கூட வருபவர்களுக்கு எரிச்சல்.

கோபேயில் இன்னும் வசதி. எந்த எண் மாடு எந்த நாட்டுக்குப் போனது என்பதையே சங்கம் வெளியிடுகிறது. உறுப்பினர் உணவகங்களுக்கு வெண்கல மாட்டுச் சிலையும் கொடுக்கிறது.

ஹலால் வாக்யு உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம்தான். ஜப்பானில் பல கூடங்கள் பன்றியையும் வெட்டுபவை என்பதால் ஹலாலுக்குத் தனிக் கூடம், தனி வரிசை, முஸ்லிம் பணியாளர் எல்லாம் தேவைப்படுகின்றன. குமமோட்டோ, தொகுஷிமா போன்ற இடங்களில் அப்படிப்பட்ட கூடங்கள் இயங்குகின்றன. சிங்கப்பூரில் முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம் ஏற்றுக்கொண்ட அமைப்பின் சான்று இருந்தால்தான் உங்கள் ஹலால் உரிமத்துக்குள் அந்த இறைச்சியைச் சேர்க்க முடியும். மலேசியாவில் கூடத்துக்கே தனி அனுமதி வேண்டும். “ஜப்பானில் ஹலால் என்று சொன்னார்கள்” என்பது எந்த அதிகாரியிடமும் எடுபடாது. வாங்கும் முன் அமைப்பின் பெயரைக் கேட்டு, முயிஸ் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஹலால் சரக்கில் கோபே, ஓமி என்று பெயர் பிடித்து அலைவது பயனற்றது. கூடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து மாடுதான் பெரும்பாலும் வரும்.

குளிரூட்டியதா, உறைந்ததா?

விற்றுத் தீரும் வேகத்தைப் பொறுத்தது. காற்று நீக்கிப் பொதிந்து பூச்சியம் டிகிரி செல்சியஸ் அருகே வைத்த இறைச்சி, பொதிந்த நாளிலிருந்து ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை நிற்கும், விமானத்தில் வரும். உறைந்தது இரண்டு ஆண்டு நிற்கும்; கடல்வழிக் குளிர்பெட்டகத்தில் வந்தால் கிலோவுக்கு ஆகும் சரக்குக் கட்டணம் மிகக் குறைவு. வாக்யுவில் கொழுப்பு அதிகம், நீர் குறைவு என்பதால் உறைநிலையால் ஏற்படும் சேதம் சாதாரண மாட்டிறைச்சியில் தெரியும் அளவுக்குத் தெரியாது. மெல்லிய சீவலாகப் பரிமாறுபவர்கள் எப்படியும் அரை உறைநிலையில்தான் சீவப்போகிறார்கள். அவர்கள் குளிரூட்டியதற்கு விமானக் கட்டணம் கொடுப்பது தண்டம்.

உறைந்ததை வாங்கினால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், பொதியைப் பிரிக்காமல், இரண்டு நாள் வைத்து இளக விடுங்கள். குழாய்த் தண்ணீரில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு விலை கொடுத்த பொருளின் சாறு தொட்டியில் ஓடுகிறது.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

ஜப்பானில் தரும் விலை, விமானக் கட்டணம், காப்பீடு, அனுமதிக் கட்டணம், குளிர்வண்டி, எல்லாவற்றின் மேலும் பொருள் சேவை வரி. விமானக் கட்டணம் அட்டைப்பெட்டியும் பனிப்பொதியும் சேர்ந்த எடைக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். யென் மதிப்பும் பெரிய விஷயம். 2024இல் அமெரிக்க டாலருக்கு 160 யென் வரை சரிந்தபோது வாங்கியவர்கள் அந்த விலையையே இன்னும் எதிர்பார்க்கிறார்கள்.

ஆனால் உண்மையான விலை உங்கள் வெட்டுப்பலகையில்தான் தெரியும். பத்துக் கிலோ சர்லாயின் கட்டி, கிலோ 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 வெள்ளி. மேல்கொழுப்பு, சவ்வு, ஓரம் எல்லாம் சீவிய பிறகு எட்டுக் கிலோ நிற்கிறது. இப்போது கிலோ 250. நூறு கிராம் தட்டுக்குப் பொருள் செலவு மட்டும் 25 வெள்ளி. 200ஐ வைத்துக் கணக்குப் போட்டவர் தட்டுக்கு ஐந்து வெள்ளியைத் தொலைத்திருப்பார். சீவிய கொழுப்பை எறியாதீர்கள். உருக்கி வைத்துக்கொண்டால் சாதம் பிரட்டவும் உருளைக்கிழங்கு வறுக்கவும் அதற்கு இணை இல்லை.

எனவே விற்பவரிடம் கேட்கும்போது, மேல்கொழுப்பு எத்தனை மில்லிமீட்டருக்குச் சீவியது என்று கேளுங்கள். கிலோவுக்கு இருபது வெள்ளி கூடுதலாகச் சொன்னவர் நன்றாகச் சீவித் தருபவர் என்றால் அவரே மலிவு.

சர்லாயின், ரிப்ஐ, டெண்டர்லாயின் மட்டும் போதும். மற்றதெல்லாம் எதற்கு?

உலகம் முழுக்க எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். விலை ஏறியதற்கு ஒரு பெரிய காரணம் இதுவே. முழு உடலில், முதுகை ஒட்டிய இந்த மூன்றும் சிறு பகுதி. மிச்சத்தை ஜப்பானிய ஏற்றுமதியாளர் உள்நாட்டில் எப்படியாவது தள்ள வேண்டும். தள்ள முடியாத சுமையை இந்த மூன்றின் விலையில்தான் ஏற்றுகிறார். முழுத் தொகுதியாகவோ, மூன்றோடு தோள், தொடைப் பகுதிகளையும் சேர்த்தோ எடுப்பவருக்கு விலை இறங்கும். பேரம் பேச இதைவிட நல்ல பிடி எதுவும் இல்லை.

தோள்பட்டை எலும்புக்கு அடியில் இருக்கும் மிசுஜியைப் பாருங்கள். நடுவில் ஒரு நரம்பு ஓடும். இலை நரம்பைப் போல இரு பக்கமும் மெல்லிய கொழுப்புக் கோடுகள் விரியும். ஒரு மாட்டில் சில கிலோதான் தேறும். நடு நரம்பைக் கத்தியால் இரு பக்கமும் வழித்து எடுத்துவிட்டு மெல்லிதாக வாட்டினால் சர்லாயினைக் கேட்டு வந்தவரும் இதற்கு மாறிவிடுவார். கழுத்தை ஒட்டிய பகுதியின் அடியிலிருந்து எடுக்கும் ஸாபுதோன் சதுரமான துண்டு, கொழுப்பு வரியில் சர்லாயினோடு போட்டி போடும். இடுப்பின் பின்புறத்து இச்சிபோ கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும், ஆனால் இறைச்சியின் ருசி முழுதாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். கழுத்துக்கும் தோளுக்கும் அருகிலுள்ள சக் ரோலைச் சீவி, சுகியாகி என்ற ஜப்பானியச் சட்டிச் சமையலுக்கு வைக்கலாம். விலாவின் கீழ்ப்பகுதி வறுவலுக்கு. முன்கால் சதையான சுனேயை யாரும் சீந்துவதில்லை. நான்கு மணி நேரம் வேகவைத்தால் சூப்புக்கு அதைவிட நல்லது கிடையாது.

இதற்குக் கத்தி தெரிந்த ஆள் வேண்டும் என்பது உண்மை. அப்படி ஒருவர் இல்லாத உணவகம் சர்லாயினோடு நிற்பதே நல்லது.

ஆண்டில் எப்போது வாங்கலாம்?

நவம்பர், டிசம்பரில் வேண்டாம். ஜப்பானில் ஆண்டிறுதிப் பரிசும் விருந்தும் சேர்ந்து ஏல விலையை ஏற்றிவிடும். சீனப் புத்தாண்டுக்கு உங்களுக்கு இறைச்சி தேவை என்றால் அக்டோபருக்குள் உறைந்ததாக எடுத்துவையுங்கள்.

வாக்யு பிரியாணி போடலாம் என்று இருக்கிறேன். எந்தப் பகுதி?

சர்லாயினைப் போட்டால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். ஜப்பானிய உணவுச் சத்துப் பட்டியலின்படி வாக்யு சர்லாயின் 100 கிராமில் சுமார் 47 கிராம் கொழுப்பு. தம்மில் அது உருகி அரிசிக்குள் இறங்கி, துண்டு சுருங்கி, சட்டி எண்ணெய்க் காடாகிவிடும். நெய் வேறு ஊற்றியிருப்பீர்கள். சுனேயோ கழுத்துக் கறியோ வாங்குங்கள், நெய்யைப் பாதியாகக் குறையுங்கள், இறைச்சியைத் தனியே வேகவைத்து மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்த பிறகு தம் போடுங்கள். சுக்காவுக்கும் அதே பகுதிகள்தான். சர்லாயினை வைத்தே தீர வேண்டும் என்றால், பிரியாணியைத் தனியே சமைத்து, உப்பு மட்டும் தடவி வாட்டிய இரண்டு துண்டுகளை மேலே வைத்துக் கொடுங்கள்.

சென்னைக்குப் போகும்போது பெட்டியில் ஒரு துண்டு எடுத்துப் போகலாமா?

முடியாது. மாட்டிறைச்சியை எந்த வடிவத்தில் இறக்குமதி செய்வதையும் இந்தியா தடை செய்திருக்கிறது. மாட்டிறைச்சி கலந்த பொருளுக்கும் அதே தடை. பனிப்பொதி, சான்றிதழ் எதுவும் உதவாது.

ஜப்பானிலிருந்து கைப்பையில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதானாலும், அது ஒரே ஒரு துண்டாக இருந்தாலும், ஏற்றுமதிப் பரிசோதனைச் சான்று கட்டாயம்.

முதல் முறை வாங்குகிறேன். எவ்வளவு எடுக்கலாம்?

ஒரு சர்லாயின் கட்டி, ஒரு மிசுஜி, ஐந்தாறு கிலோ சக் ரோல். எல்லாம் உறைந்ததாக, பிஎம்எஸ் 7 முதல் 9க்குள், பெயர் பெற்ற ஊர் வேண்டாம். சான்றின் நகலும் பத்து இலக்க எண்ணும் சரக்குக்கு முன்பே மின்னஞ்சலில் வரவேண்டும் என்று கேளுங்கள். வந்ததும் சமையல்காரரை வைத்துச் சீவி, சீவியதையும் கழிவையும் தனித்தனியே எடை போட்டு எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு வந்து இரண்டாவது ஆர்டர் கொடுப்பவரிடம் எந்த விற்பனையாளரும் கிலோ விலையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, நானும்தான்.